வாசற்படியிலிருந்து அளவெடுங்கள்

தருமபுரியிலிருந்து பென்னாகரம் போகும் சாலையின் இருமருங்கிலும் உள்ள ஊர்களில், வயதானவர்கள் இருக்கும் வீடுகளுக்குப் போய்வரும் சந்தர்ப்பம் எனக்கு அடிக்கடி வாய்க்கிறது. அப்படிப் போகும்போதெல்லாம், கூடத்தின் ஒரு மூலையில் மடித்துச் சாத்தப்பட்டு, மேலே பழைய போர்வையோ துவைத்த துணியோ போடப்பட்டு, இருக்கையின்மேல் ஒட்டிய பிளாஸ்டிக் தாள் கூடக் கிழிக்கப்படாமல் நிற்கின்ற ஒரு சக்கர நாற்காலியைப் பார்த்துவிட்டுத் திரும்புவது வழக்கமாகிவிட்டது. அது என் மனத்தை வெகுவாக வருத்துகிறது.

"ஆசையா வாங்கிக் குடுத்தோம், உக்கார மாட்டேங்கறாரு" என்பார் மகன்.

"அதுல உக்காந்தா வாசல் வரைக்கும் போலாம். அதுக்கப்புறம் என்னைத் தூக்கறது யாரு?" என்பார் பெரியவர்.

இருவர் சொல்வதும் வாஸ்தவந்தான். ஆனால் பெரியவர் சொல்வதில், அந்த வீட்டின் படிகளும், வாசலுக்கு வெளியே இருக்கும் கல்லும் சரிவும், அவருடைய ஒரு நாள் முழுவதும் அடங்கியிருக்கின்றன. மகன் சொல்வதில் அன்பு இருக்கிறது. அந்த அன்பு கடைக்குப் போகும்போது வீட்டை அளந்து எடுத்துக்கொண்டு போகவில்லை.

இதை இப்போது எழுதக் காரணம் உண்டு. பெங்களூரில் வேலை பார்க்கும் என் சித்தப்பா மகன் போன வாரம் தொலைபேசியில் கூப்பிட்டு, "அண்ணா, பெரியப்பாவுக்கு நல்ல வீல்சேரா ஒண்ணு பாத்து வெச்சிருக்கேன், இப்பவே ஆர்டர் போட்டுடட்டுமா?" என்று கேட்டான். "கொஞ்சம் பொறுடா தம்பி, எழுதி அனுப்பறேன்" என்றேன். அவனுக்காக எழுத ஆரம்பித்தது நீண்டுகொண்டே போகவே, இதே கேள்வியோடு இருக்கும் மற்றவர்களுக்கும் பிரயோஜனப்படட்டும் என்று இங்கே வைக்கிறேன்.

முதலில் அந்த மடக்கு நாற்காலியின் பூர்வோத்தரத்தைச் சொல்லிவிடுகிறேன். 1918-இல் சுரங்க விபத்தொன்றில் முதுகெலும்பு முறிந்து நடை இழந்த ஹெர்பர்ட் எவரெஸ்ட் என்ற அமெரிக்கச் சுரங்கப் பொறியாளருக்கு, தாம் உட்காரும் கனமான நாற்காலியைக் காரில் ஏற்றிக்கொண்டு வெளியே போக முடியவில்லையே என்பது பெருங்குறையாக இருந்தது. அவருடைய நண்பரும் இயந்திரப் பொறியாளருமான ஹாரி ஜென்னிங்ஸும் அவரும் சேர்ந்து, குறுக்கே இரண்டு குழாய்கள் பெருக்கல் குறிபோல் அமைந்து, பக்கவாட்டில் மடங்கும் நாற்காலியை 1933-இல் செய்தார்கள். இன்று நம் ஆஸ்பத்திரி வராந்தாக்களில் நிற்பவையும், கூடத்து மூலைகளில் போர்வை போர்த்தியிருப்பவையும் அந்த வடிவத்தின் வழிவந்தவைதாம். அது மிக நல்ல கண்டுபிடிப்பு. ஏனென்றால், செய்தவர் தம்முடைய நாளை, தம்முடைய காரை, தம் ஊரின் வழவழப்பான பாதையை மனத்தில் வைத்துக்கொண்டு செய்தார். நல்லம்பள்ளிப் பக்கத்துக் கல்லாங்குத்து நிலத்தை அவர் கண்டதில்லை. அதைக் கண்டவர்கள் நாம். ஆகவே யோசிக்க வேண்டியவர்களும் நாம்தான்.

எங்கள் வீட்டில் இருக்கும் அந்தப் பெரியப்பாவின் நாளைச் சொல்கிறேன், கேளுங்கள்.

விடிவதற்கு முன் எழுந்து, வீட்டின் பின்புறம் தனியாகக் கட்டிய கழிப்பறைக்குப் போகிறார். பிறகு ஆட்டுக் கொட்டகையில் நின்று தழை போடுவதை மேற்பார்வை பார்க்கிறார் (இரண்டு குட்டிகளாவது அவர் கையால் தின்றால்தான் அவருக்குத் திருப்தி). வெயில் ஏறும்போது தெருமுனைப் புளியமரத்தடியில் இருக்கும் டீக்கடை பெஞ்சுக்குப் போய், பேப்பரை யாராவது படிக்கக் கேட்கிறார். மத்தியானம் களி தின்றுவிட்டுத் திண்ணையில் படுக்கை. சாயங்காலம் மறுபடி ஆடுகள். எப்போதாவது பாப்பாரப்பட்டிச் சந்தை. கல்யாணம், காரியம் என்றால் பஸ் பிரயாணம். இவ்வளவுதான் அவர் உலகம் என்று நாம் சொல்லிவிடலாம். ஆனால் இவ்வளவும் அவருக்கு வேண்டும், ஒன்றையும் விட்டுக்கொடுக்க அவர் சம்மதியார். இதில் தரை வழவழப்பாக இருக்கும் இடம் கூடம் ஒன்றுதான். திண்ணையிலிருந்து வாசலுக்கு மூன்று படிகள், ஒன்றின் உயரம் போல் மற்றொன்று இல்லை. கழிப்பறைக்குப் போகும் வழி பாறைச் சரிவு. கொட்டகையில் சாணியும் மூத்திரமும் சேர்ந்து எப்போதும் ஈரம்.

இந்த நாளை வைத்துக்கொண்டு அந்த நாற்காலியைப் பாருங்கள். சக்கர நாற்காலி ஏறி இறங்குவதற்கான சரிவுப் பாதைக்கு எங்கும் ஒப்புக்கொள்ளப்பட்ட கணக்கு, ஓர் அடி உயரத்துக்குப் பன்னிரண்டு அடி நீளம் என்பது. எங்கள் திண்ணை தரையிலிருந்து ஒன்றரை அடி. ஆகவே பதினெட்டு அடி நீளத்துக்குச் சரிவு கட்ட வேண்டும். வாசலுக்கும் தெருவுக்கும் நடுவே அதில் பாதி இடம்கூட இல்லை. அதைவிடச் செங்குத்தாகக் கட்டினால் தள்ளுகிறவர் மூச்சிறைத்துப் போவார். இறங்கும்போது பிடி நழுவினால் நாற்காலி தெருவில்தான் போய் நிற்கும். பதினெட்டு அங்குல இருக்கையுள்ள நாற்காலி, சக்கரமும் கைவளையமும் சேர்ந்து ஏறக்குறைய இருபத்தைந்து அங்குலம் அகலம் வரும். நம் பக்கத்துக் கழிப்பறைக் கதவோ பெரும்பாலும் இரண்டடி, மிஞ்சினால் இரண்டரை அடி. பெரியவர்கள் நாற்காலியை ஒதுக்குவது பிடிவாதம் என்று எண்ணுகிறவர்கள், ஒரு டேப்பை எடுத்து இந்த இரண்டு அளவுகளையும் எடுத்துப் பார்த்துவிட்டு அபிப்பிராயம் சொல்லட்டும்.

இனி, நம் ஜில்லாவுக்கே பிரத்தியேகமான ஒரு விஷயம்.

பெரியப்பாவின் முழங்கால்களும் முதுகும் கழுத்தும் இப்படி இறுகிப்போனது வெறும் முதுமையினால் அன்று. தருமபுரி, கிருஷ்ணகிரிப் பக்கத்துப் பாறைகளுக்கிடையே ஊறும் நிலத்தடி நீரில் ஃபுளோரைடு மிகுந்திருப்பது ஊரறிந்த செய்தி. குடிநீரில் ஒரு லிட்டருக்கு ஒரு மில்லிகிராம் வரை இருக்கலாம், வேறு வழியே இல்லாத இடத்தில் ஒன்றரை வரை பொறுக்கலாம் என்பது இந்தியத் தர நிர்ணயம். அதற்கு மேற்பட்ட நீரைப் பல பத்தாண்டுகள் குடித்து, அதிலேயே சமைத்தும் உண்டவர்களுக்கு, முதலில் பல்லில் மஞ்சளும் பழுப்புமாகக் கறை விழுகிறது. பிறகு எலும்பு அடர்த்தியாகி, ஆனால் உறுதி குறைந்து, மூட்டைச் சுற்றியுள்ள தசைநார்களும் சுண்ணாம்பேறி விறைத்துப்போகின்றன. முதுகுத்தண்டு ஒரே துண்டாக இறுகி, கழுத்து திரும்பாமல், குனியவும் குந்தவும் முடியாமல் போவது இதன் முதிர்ந்த நிலை. இதற்காகத்தான் காவிரி நீரைக் கொண்டுவரும் ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர் மற்றும் ஃபுளோரோசிஸ் தணிப்புத் திட்டம், ஜப்பானின் கடனுதவியோடு, சுமார் 1,928 கோடி ரூபாய்ச் செலவில், 2008-இல் அடிக்கல் நாட்டப்பெற்று 2013-இல் தொடங்கிவைக்கப்பட்டது. அதற்குப் பின் பிறந்த குழந்தைகள் பாக்கியசாலிகள். ஆனால் அறுபது, எழுபது வருஷம் போர்வெல் தண்ணீரையும் கிணற்றுத் தண்ணீரையும் குடித்தவர்களின் எலும்பு, குழாயில் காவிரி வந்த மறுநாள் இளகிவிடாது. அவர்கள் நம்மிடையே இருக்கிறார்கள், நடக்கச் சிரமப்பட்டுக்கொண்டு.

உபகரணம் தேர்ந்தெடுப்பவர்களுக்கு இது மிக முக்கியம். கழுத்து குனியாதவருக்குத் தம் பாதத்தடியில் இருக்கும் கல் தெரியாது. கழுத்து திரும்பாதவரால் நாற்காலியைப் பின்னுக்கு நகர்த்தும்போது பின்னால் படியிருப்பதைப் பார்க்க முடியாது. முழங்கை நீளாதவருக்குப் புத்தகத்தில் சொன்ன உயரத்துத் தடி ஒத்துவராது. இடுப்பு மடங்காதவர் தாழ்வான இருக்கையில் உட்கார்ந்தால் எழுந்திருக்க இரண்டு பேர் வேண்டும். பட்டணத்துக் கடைக்காரர் "வயசானவங்களுக்கு இதுதாங்க எல்லாரும் வாங்கறாங்க" என்று நீட்டுகிற பொருளில் இவையெல்லாம் கணக்கில் சேர்ந்திருக்குமா?

பெரியப்பாவை ஓர் இயன்முறை மருத்துவரிடம் அழைத்துக்கொண்டு போனோம். மெலிந்த தேகம், சாந்தமான ஸ்வபாவம் உள்ள இளம்பெண். அவர் பெரியப்பாவின் காலைப் பார்ப்பதற்கு முன் அவர் கையில் இருந்த அலுமினியத் தடியை வாங்கித் தலைகீழாகப் பிடித்து, அதன் அடியிலிருந்த ரப்பர் புஷ்ஷை வெளிச்சத்தில் காட்டினார். புஷ்ஷின் வெளி ஓரத்தில் வட்ட வட்டமான பள்ளங்கள் புதிதாகவே இருந்தன. உடம்பை நோக்கிய உள் ஓரமோ முழுக்கத் தேய்ந்து, ரப்பரைத் தாண்டி அலுமினியத்தின் விளிம்பு வெள்ளையாகத் தெரிந்தது.

"தாத்தா, தடி உங்களுக்கு ஒசரம் ஜாஸ்தி. ஒசரம் ஜாஸ்தியானா தள்ளி ஊனறீங்க, சாஞ்சு சாஞ்சு ஒரே பக்கம் தேஞ்சிருக்கு பாருங்க. எந்தக் காலு நோவுது?"

"சோத்தாங்கை பக்கம் தாம்மா."

"அப்ப தடி பீச்சாங்கையில இருக்கணும் தாத்தா."

பெரியப்பா நம்பவில்லை. நோகிற காலுக்குப் பக்கத்திலேயே துணை நிற்க வேண்டும் என்பதுதானே சாதாரண நியாயம்? ஆனால் வலது கால் முன்னே போகும்போது இடது கைதான் முன்னே வீசுகிறது. அந்த இடது கையிலிருக்கும் தடி, நோகும் காலோடு ஒன்றாகத் தரையில் ஊன்றிப் பாரத்தைப் பகிர்ந்துகொள்கிறது. உடம்பும் நோகும் பக்கம் சாயாமல் நிமிர்கிறது. கொஞ்ச தூரம் நடக்கவிட்டதும் அவரே "ஆமாம்மா, இடுப்பு கொஞ்சம் லேசா இருக்குது" என்றார். தடியின் உயரத்துக்குப் பொதுவான விதி, கையைத் தொங்கவிட்டு நின்றால் மணிக்கட்டு மடிப்பின் மட்டத்தில் பிடி வர வேண்டும், பிடித்து ஊன்றும்போது முழங்கை இலேசாக மடிந்திருக்க வேண்டும் என்பது. அந்த மருத்துவர், நிமிர முடியாதவரை நிமிர்த்தி வைத்து அளக்கவில்லை. அவர் எப்படிக் கூனி நிற்கிறாரோ அப்படியே நிற்கவிட்டு, வீட்டில் போடும் அதே டயர்ச் செருப்போடு அளந்தார். தடியின் பக்கவாட்டிலிருக்கும் சிறு பித்தானை அமுக்கி இரண்டு துளை இறக்கினார். செலவு ஒன்றுமில்லை. வாங்கிய நாளிலிருந்து அந்தத் துளைகள் அங்கேதான் இருந்தன.

அன்றிலிருந்து எனக்கு ஒரு பழக்கம் வந்துவிட்டது: தடியோடு வரும் யாரைப் பார்த்தாலும் முதலில் புஷ்ஷைப் பார்க்கிறேன்.

வாக்கர் வாங்கலாமா என்பது அடுத்த கேள்வி. இதில் எங்கள் வீட்டில் பலவிதமான பரீட்சைகள் நடந்தன. நான்கு கால் வாக்கர் கூடத்தில் அருமையாக இருந்தது. இரவில் எழுந்து நடக்கும்போது சுவரைத் தடவ வேண்டியிருக்கவில்லை. வாசலுக்கு வெளியே கொண்டுபோனால் நிலைமை வேறு. நான்கு கால்களும் ஒரே சமயத்தில் தரையில் பதிந்தால்தான் அதற்குப் பலம். பாறைச் சரிவில் ஏதாவது ஒரு கால் அந்தரத்தில் நின்றது. முன்னங்கால்களில் சக்கரம் வைத்த வாக்கரை ஓர் உறவினர் வீட்டிலிருந்து இரவல் வாங்கிப் பார்த்தோம். அதைத் தூக்கித் தூக்கி வைக்க வேண்டாம் என்பதனால் தோள் வலி குறைந்தது. ஆனால் சரிவில் அது அவரை முந்திக்கொண்டு ஓடப் பார்த்தது. நான்கு சிறு கால்கள் உள்ள தடியும் அப்படியே. சிமெண்டுத் தரையில் அசையாது நிற்கும், மேடுபள்ளத்தில் ஆட்டம் காணும்.

கடைசியில் அமைந்தது இது. வீட்டுக்குள் சக்கரமில்லாத வாக்கர். வெளியே அளவு திருத்திய ஒற்றைத் தடி, கொட்டகை வரை கூட ஓர் ஆள். கொட்டகையில் உட்கார ஓர் உயரமான ஸ்டூல், எழுந்து பிடித்துக்கொள்ள ஒரு குழாய். சக்கர நாற்காலி? ஆஸ்பத்திரிக்குப் போனால் அங்கேயே இருக்கிறது.

ஒரே உபகரணம் நாள் முழுவதும் எல்லா இடத்துக்கும் உதவ வேண்டும் என்று எதிர்பார்ப்பதை விட்டுவிடுங்கள் என்பதே நான் தம்பிக்கு முதலில் எழுதியது. வயலுக்கு ஒரு செருப்பும் விசேஷத்துக்கு ஒரு செருப்பும் வைத்துக்கொள்கிறவர்கள்தாமே நாம்?

இந்த இடத்தில் கழிப்பறையைப் பற்றிக் கொஞ்சம் பேசியாக வேண்டும். பேசக் கூச்சப்படுகிறார்கள், அந்தக் கூச்சத்தினால் பெரியவர்கள் படும் வேதனை அளவிட முடியாதது. குந்த முடியாத முழங்காலோடு இந்தியப் பாணிக் கழிப்பறைக்குப் போவது அவர்களுக்குத் தினசரி ஆபத்து. அதற்குப் பயந்து பகலில் தண்ணீர் குடிப்பதைக் குறைத்துவிடுகிற பாட்டிமார்களை நான் அறிவேன். பிறகு மலச்சிக்கல், மூத்திரக் கடுப்பு என்று ஆஸ்பத்திரிக்கு அலைச்சல். நடுவில் துளையுள்ள கமோடு நாற்காலியை அந்தக் குழிக்கு மேலேயே வைத்துக்கொள்ளலாம். வசதியிருந்தால் மேல்நாட்டுக் கோப்பையை உயர்த்திக் கட்டலாம். எதுவும் முடியாவிட்டால் சுவரில் இரண்டு இரும்புக் குழாயாவது பற்றவைத்துப் பதிக்கலாம். என் உறுதியான அபிப்பிராயம் இது: வயதானவருக்கு என்று ஒதுக்கிய பணத்தில் முதல் செலவு கழிப்பறைக்குத்தான். வாக்கர், நாற்காலி எல்லாம் அதற்குப் பிறகு.

சக்கர நாற்காலியே வேண்டாம் என்று நான் சொல்வதாக யாரும் நினைத்துவிடக் கூடாது. தொப்பூர்க் கணவாயில் நடக்கும் விபத்துகளைப் பற்றிப் பேப்பரில் அடிக்கடி படிக்கிறோம். அப்படிப்பட்ட விபத்தில் முதுகுத்தண்டு அடிபட்டு, இடுப்புக்குக் கீழே உணர்ச்சியற்றுப்போன இருபத்தைந்து வயது வாலிபனுக்கு நாற்காலிதான் கால். அவனுக்கும் ஆஸ்பத்திரி நாற்காலியையே கொடுத்து உட்காரவைப்பது பெரிய அநியாயம். அவனுடைய நாற்காலி அவன் உடம்பை அளந்து வர வேண்டும். இருக்கை அகலமாக இருந்தால் ஒரு பக்கம் சரிந்து உட்கார்ந்து முதுகு கோணும், குறுகலாக இருந்தால் இடுப்பில் உராயும். இருக்கையின் முன்விளிம்புக்கும் முழங்காலின் பின்புறத்துக்கும் நடுவே இரண்டு, மூன்று விரற்கடை இடம் இருக்க வேண்டும். பாதம் தாங்கும் பலகை சரியான உயரத்தில் இருந்து, தொடை முழுவதும் இருக்கையில் படிய வேண்டும். எல்லாவற்றுக்கும் மேலாக, மெத்தை. உணர்ச்சியில்லாத இடத்தில் எலும்பு அழுத்திப் புண் உண்டானால் அவனுக்கு வலிக்காது. வலிக்காததனாலேயே அந்தப் புண் உள்ளே எலும்பு வரை போய்விடும். நல்ல மெத்தை இல்லாத நாற்காலியை அவனுக்கு யார் கொடுத்தாலும் வாங்காதீர்கள் என்றே சொல்வேன். கையை ஊன்றி உடம்பை அடிக்கடி தூக்கிப் பாரம் மாற்றும் பழக்கமும் வேண்டும்.

சென்னை ஐ.ஐ.டி.யில் பேராசிரியை சுஜாதா ஸ்ரீநிவாசன் தலைமையில் இயங்கும் மறுவாழ்வு ஆராய்ச்சி மையத்தின் வேலைகளைக் கேள்விப்படும்போது எனக்கு உண்டாகும் சந்தோஷம் கொஞ்சமன்று. உட்கார்ந்திருப்பவர் தாமே நின்ற நிலைக்கு எழும்பக்கூடிய 'அரைஸ்' நாற்காலி 2019-இல் அங்கிருந்து வந்தது. ஒவ்வொருவர் உடம்புக்கும் அளவெடுத்துச் செய்யும் 'நியோஃபிளை', அதன் முன்னால் மாட்டிக்கொண்டு மோட்டாரில் ஓட்டிப்போகும் 'நியோபோல்ட்' என்பவை அந்த மையத்திலிருந்து பிறந்த நிறுவனத்தின் செய்கைகள். 2025-இல் ஒன்பது கிலோ எடையே உள்ள 'ஒய்.டி. ஒன்' வந்தது. எடை ஏன் முக்கியம் என்று கேட்பவர்கள், பதினெட்டு, இருபது கிலோ இரும்பு நாற்காலியை டவுன் பஸ்ஸின் படியில் ஏற்ற ஒரு தடவை கைகொடுத்துப் பார்க்க வேண்டும். அரூரிலிருந்தோ மொரப்பூரிலிருந்தோ தருமபுரிக்கு வேலைக்கு வர நினைக்கும் ஒரு பையனுக்கு அந்தப் பத்துக் கிலோ வித்தியாசம், வேலைக்குப் போவதா வீட்டில் கிடப்பதா என்பதையே தீர்மானித்துவிடும்.

ஆனால் கிராமத்து மண்ணுக்கு இன்னொரு கணக்கும் உண்டு. நாற்காலியின் முன்பக்கத்துச் சிறு சக்கரங்கள்தாம் கல்லில் தடுக்கி, மணலில் புதைந்து, ஆளை முகங்குப்புறத் தள்ளுகின்றவை. ரால்ஃப் ஹாட்ச்கிஸ் என்ற அமெரிக்கர் (இளமையில் மோட்டார் சைக்கிள் விபத்தில் கால்கள் செயலிழந்தவர்) நிகராகுவா முதலிய ஏழை நாடுகளில் உள்ள நாற்காலிக்காரர்களோடு சேர்ந்து, முன்சக்கரங்கள் அகலமாகவும் ரப்பராகவும், சட்டம் நீளமாகவும், உள்ளூரில் கிடைக்கும் சைக்கிள் சாமான்களால் பழுதுபார்க்கக் கூடியதாகவும் நாற்காலிகளை வகுத்தார். அந்தக் கடைசி அம்சந்தான் நமக்கு உயிர். நம் ஊர் சைக்கிள் கடைக்காரர் டியூப் ஒட்டுவார், ஆரக்கம்பி மாற்றுவார், பேரிங் போடுவார். வெளிநாட்டு அளவில் ஒரு விசித்திரமான டயர் வந்துவிட்டால் அவர் கையை விரித்துவிடுவார், நாற்காலி மறுபடி மூலைக்குப் போய்விடும். வாங்கும் முன் சக்கரத்தை அவரிடம் காட்டிக் கேளுங்கள். உலக சுகாதார நிறுவனம் 2008-இல் வெளியிட்ட வழிகாட்டுதலும், உடம்புக்கும் சுற்றுப்புறத்துக்கும் பொருந்துவது, அந்த நாட்டிலேயே கிடைத்துப் பழுதுபார்க்க முடிவது ஆகியவற்றைச் சேர்த்துத்தான் தகுந்த நாற்காலி எது என்று வரையறுக்கிறது.

உபயோகிப்பவரின் நாளைப் பின்பற்றிச் செய்த பொருள் எப்படி நிலைத்து நிற்கும் என்பதற்கு ஜெய்ப்பூர்க் காலைவிட உத்தமமான உதாரணம் எனக்குத் தெரியவில்லை. மேல்நாட்டுச் செயற்கைக் கால் பூட்ஸ் போட்டு நடப்பதற்கென்று செய்யப்பட்டது. அதை மாட்டிக்கொண்டு நம்மவர் சம்மணமிட முடியாது, குந்த முடியாது, வெறுங்காலோடு சேற்றில் இறங்க முடியாது. ஆகவே கழற்றி வைத்துவிட்டுத் தடியை ஊன்றிக்கொண்டு போனார்கள். ராம்சந்திர சர்மா என்ற கைவினைஞரும், பி. கே. சேத்தி என்ற எலும்பு மருத்துவரும் 1968-இல் ரப்பரில் வார்த்துச் செய்த காலில் இவையெல்லாம் முடிந்தன. பள்ளிப் படிப்பு அதிகமில்லாத கைவினைஞரின் கண்ணுக்கு, இந்த ஜனங்கள் எப்படி உட்காருகிறார்கள், எங்கே நடக்கிறார்கள் என்பது தெரிந்திருந்தது.

நம் பக்கத்து வேலூரிலும் ஒரு மகத்தான சரித்திரம் உண்டு. கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரியில் பணியாற்றிய டாக்டர் மேரி வர்கீஸ், 1954-இல் நடந்த கார் விபத்தில் இடுப்புக்குக் கீழே செயலிழந்தார். தொழுநோயாளிகளின் மடங்கிப்போன விரல்களை நிமிர்த்தும் அறுவை சிகிச்சையை உட்கார்ந்துகொண்டே செய்யலாம் என்பதைக் கண்டு, சக்கர நாற்காலியில் அமர்ந்தபடியே அந்தத் தொழிலைக் கற்றுத் தேர்ந்து, பிற்பாடு அமெரிக்காவில் பயிற்சி பெற்றுத் திரும்பி, வேலூரில் மறுவாழ்வு மருத்துவத் துறையை நிறுவினார். பாகாயத்தில் 1966-இல் அதற்கென்று ஒரு நிலையமும் திறக்கப்பட்டது. உட்கார்ந்தபடியே செய்யக்கூடிய அந்தத் தொழிலும் அவருடைய நாற்காலியும் ஒன்றுக்கொன்று ஒத்துப்போயின. பொருத்தம் என்று நான் இவ்வளவு நேரமாகச் சொல்லிவருவது அதைத்தான்.

சர்க்கார் உதவியைப் பற்றியும் தம்பி கேட்டிருந்தான். கலெக்டர் அலுவலகத்திலுள்ள மாவட்ட மாற்றுத்திறனாளிகள் நல அலுவலகத்தின் மூலம் சக்கர நாற்காலி, கையால் சுழற்றும் மூன்று சக்கர வண்டி, ஊன்றுகோல், பின்னால் இணைப்புச் சக்கரம் பொருத்திய பெட்ரோல் ஸ்கூட்டர் முதலியவை தகுதிக்கேற்பக் கிடைக்கின்றன. மத்திய சர்க்காரின் ராஷ்ட்ரிய வயோஸ்ரீ திட்டம் 2017-இல் வந்தது; வறுமைக்கோட்டுக்குக் கீழுள்ள முதியோருக்குத் தடி, வாக்கர், நாற்காலி போன்றவற்றை முகாம்களில் கொடுக்கிறார்கள். அவற்றைச் செய்வது கான்பூரில் 1972-இல் ஏற்பட்ட அலிம்கோ என்ற அரசு நிறுவனம். இதில் எனக்கு ஒரு விசனம் உண்டு. ஃபுளோரைடு நீரால் மூட்டு இறுகிப்போன எத்தனையோ பேர், "வயசாயிடுச்சு, அவ்ளோதான்" என்று சொல்லிக்கொண்டு சான்றிதழுக்கே போவதில்லை. 2016-ஆம் ஆண்டு மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டப்படி அது இயக்கக் குறைபாடுதான்; மருத்துவர் பரிசோதித்து நாற்பது சதவீதமோ அதற்கு மேலோ என்று சான்றளித்தால் அடையாள அட்டையும் அதைச் சார்ந்த உரிமைகளும் உண்டு. முகாமுக்குப் போகும்போது வெறுங்கையோடு போகாதீர்கள். கதவின் அகலம், படிகளின் உயரம், கழிப்பறையின் அளவு இவற்றை ஒரு தாளில் எழுதிக்கொண்டும், வீட்டு வழியைப் போனில் படம் பிடித்துக்கொண்டும் போய், "எங்க வீட்டுக்கு இது ஒத்துவராதுங்க, வேற குடுங்க" என்று மரியாதையாகவும் தெளிவாகவும் சொல்லுங்கள். இலவசமாகக் கிடைப்பதை மறுக்கலாமா என்று தயங்க வேண்டாம். நீங்கள் மறுத்த நாற்காலி, அதை உபயோகிக்கக்கூடிய இன்னொருவருக்குப் போகும்.

மூன்று சக்கர வண்டியைப் பற்றி ஒரு வார்த்தை. காரிமங்கலம், பாலக்கோடு போலச் சமதரையான கடைவீதிகளில் அது மிக நல்ல வாகனம். அதிலேயே பூ விற்கிறவர்களையும் லாட்டுச் சாமான் விற்கிறவர்களையும் பார்த்து நான் மகிழ்ந்திருக்கிறேன். சித்தேரி, வத்தல்மலை போன்ற மலையூர்களுக்கு அது ஆகாது; ஏற்றத்தில் கை ஓய்ந்துபோகும், இறக்கத்தில் பிரேக் போதாது. ஸ்கூட்டர் கொடுத்தால் வாங்கிக்கொள்ளுங்கள். ஆனால் ஸ்கூட்டரை விட்டு இறங்கியதும் கையில் என்ன இருக்கும் என்பதையும் யோசித்துவிடுங்கள். ஊன்றுகோலைச் செருகிவைக்கப் பக்கத்தில் ஒரு கொக்கியில்லாமல், போன இடத்தில் வண்டியிலேயே உட்கார்ந்திருக்க நேர்ந்தவர்கள் உண்டு.

பாப்பாரப்பட்டியைக் கடக்கும்போதெல்லாம் எனக்குச் சுதந்திரப் போராட்ட வீரர் சுப்பிரமணிய சிவாவின் நினைவு வந்துவிடும். சிறையில் பற்றிய தொழுநோயோடு வெளிவந்த அவர், தொற்றுநோயாளி என்ற காரணத்தால் ரயிலில் ஏறக் கூடாதென்று தடுக்கப்பட்டு, உடம்பெல்லாம் புண்ணாக, கால்நடையாகவும் கட்டை வண்டியிலும் ஊர் ஊராகச் சுற்றிப் பேசினார். 1925 ஜூலை 23-ஆம் நாள், நாற்பது வயதிலேயே, இந்த ஊரில்தான் காலமானார். அவரைத் தடுத்தது நோய் மட்டுமன்று. ரயிலின் வாசலும் தடுத்தது. அவருக்கு மண்டபம் கட்டிக் கௌரவிக்கும் நம் ஜில்லாவில், பஸ்ஸின் படி இன்னும் முழங்கால் உயரத்தில் இருப்பதும், பல அலுவலகங்களில் மனு கொடுக்கும் ஜன்னல் மாடியில் இருப்பதும் எனக்குப் பொறுக்க முடியாத காரியங்கள். நாற்காலி எவ்வளவு உயர்ந்ததாயினும் அந்தப் படியை அது தனியாக ஏற முடியாது. பெரியப்பாவுக்காக நாங்கள் படிகளை இடித்து ஒரே உயரத்தில் கட்டிப் பக்கத்தில் பிடிக்குழாய் வைத்ததுபோல, ஊராரும் கேட்டுத்தான் அந்த வாசல்களைத் திருத்த வேண்டியிருக்கிறது.

ஆகவே தம்பி, ஆர்டரை நிறுத்து. அந்தப் பணத்தில் கழிப்பறைக்கு உயரக் கோப்பை வைக்கவும், கொட்டகைக்குப் போகும் பாறைச் சரிவைக் கொத்திச் சொரசொரப்பாகச் சிமெண்டு போடவும் கொத்தனாரிடம் பேசியிருக்கிறேன். வருகிற வெள்ளிக்கிழமை அவர் வந்து பார்க்கிறார். நீ வரும்போது ரப்பர் புஷ் மட்டும் நான்கைந்து வாங்கிவா. தடியின் அடிக்குழாய் எவ்வளவு பருமன் என்பதை அளந்து அனுப்புகிறேன். அளவு தப்பினால் கழன்று விழும். உள்ளே உலோக வட்டு வைத்ததாகப் பார்த்து வாங்கு, அதுதான் நம் கல்லுக்குக் கொஞ்ச காலமாவது தாங்கும்.